வார்த்த எண், அடித்த எண்

கார் எஞ்சின் பிளாக்கில் இரண்டு விதமான எண்கள் உண்டு. ஒன்று புடைத்து நிற்கும், இன்னொன்று பள்ளமாக இறங்கியிருக்கும். புடைத்து நிற்பது வார்ப்பிலேயே வந்தது. மாதிரியின் மேல் எழுத்துகளைப் பதித்து, மணலில் அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். எழுத்தும் பிளாக்கும் சேர்ந்தே பிறக்கின்றன. பள்ளமான எண் பிறகு வருவது. கடைந்து, துளையிட்டு, எஞ்சின் என்று சொல்லும்படி ஆன பின்னால், குளிர்ந்த இரும்பில் பஞ்ச் வைத்து அடிப்பது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறுவது இதுதான்.

வார்த்த எண் எந்த ஒரு பிளாக்கையும் தனியாகச் சுட்டாது. அது அச்சின் பெயர். ஒரே அச்சில் விழுந்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளுக்கும் அதே எண்தான். அடித்த எண்தான் ‘நீ’ என்று விரல் நீட்டிச் சொல்கிறது. ஆனால் அதை அரத்தால் ராவிவிட்டு வேறொன்று அடிக்கலாம். வார்த்த எண்ணை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. ராவினால் ராவின இடம் பல்லைக் காட்டும். எளிதில் மாற்ற முடியாதது நம்மைத் தனியாகச் சொல்வதில்லை, தனியாகச் சொல்வதை மாற்றிவிட முடிகிறது. இந்தச் சிக்கல்தான் கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளையூரணியில் இரும்புக்கு ஆயுசு கம்மி. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளமும் கடலும் பக்கத்திலேயே. கழற்றிப் போட்ட பிளாக் ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் எழுத்தெல்லாம் துருவுக்குள் போய்விடும். நான் அடிக்கடி போய் உட்காரும் பட்டறையில் அண்ணாச்சி அதைப் படிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் டீசலை ஊற்றி ஊறவிடுவார். பிறகு வயர் பிரஷ். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலாகத் தேய்ப்பார். புடைப்பில் மட்டும் வெள்ளை ஏறும். டார்ச்சை நேராக அடிக்கமாட்டார், பக்கவாட்டில் சாய்த்து அடிப்பார், நிழல் விழ வேண்டும். அப்பவும் மூன்றா எட்டா என்று சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். கல்வெட்டு படிக்கிறவர்களிடமும் இதே சாய்ந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

“வண்டி பேரச் சொல்லி ஹெட் கேஸ்கெட் கேட்டா கடைக்காரன் எதையாவது குடுத்துருவான் தம்பி. உள்ள என்ன எஞ்சின் கெடக்குன்னு வண்டிக்கே தெரியாது.”

உண்மைதான். அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் உற்பத்தி நிற்கும்வரை வெளியே முகம் பெரிதாக மாறவில்லை, உள்ளே இதயம் மாறிக்கொண்டே இருந்தது. நெடுங்காலம் அதில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரீஸ்’ வம்சம். பிறகு அதே வம்சத்தின் டீசல் வந்தது, பின்னால் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல். இது போதாதென்று சொந்தக்காரர்கள் தாமாகப் பிடுங்கிப் போட்ட எஞ்சின்கள் வேறு. அந்த 1489 சிசிக்கு ஒரு சகோதரன் உண்டு: எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் ஆரம்ப எஞ்சின். ஒரே வம்சத்தில் ஒருவன் ஆங்கிலேயக் கிராமச் சாலையில் கூரையைத் திறந்துவிட்டுப் பறந்தான், இன்னொருவன் நம் ஊரில் கலெக்டரையும் கல்யாண மாப்பிள்ளையையும் சுமந்தான். பிறப்பு அவனை எந்தப் பக்கம் அனுப்பும் என்று எழுதிவைக்கவில்லை.

அமெரிக்காவில் இந்த எண் படிப்பது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பழைய செவர்லே பிளாக்குகளின் பின்பக்க விளிம்பில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து தேதி, கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். ‘சி 15 9’ என்றால் மார்ச் 15, ஒன்பதில் முடியும் ஒரு வருடம். 1969ஆ 1979ஆ என்பதை வேறு அடையாளங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொரு வேடிக்கை, 3970010 என்ற வார்ப்பு எண். இதே அச்சில் விழுந்த பிளாக்குகள் 302, 327, 350 கன அங்குலம் என மூன்று வெவ்வேறு எஞ்சின்களாகியிருக்கின்றன. உள்ளே என்ன கிராங்க் விழுந்தது என்பதைப் பொறுத்தது. எண் மட்டும் பார்த்து “இது 350” என்று சொல்கிறவன் ஊகம் சொல்கிறான்.

இந்த எண்களால் உறுதியாக மறுக்க முடியும், உறுதியாக நிரூபிக்க முடியாது. மார்ச்சில் தயாரான காருக்குள் மே மாதம் வார்த்த பிளாக் இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்ததில்லை, முடிந்தது பேச்சு. பிப்ரவரியில் வார்த்ததாக இருந்தால்? பொருந்துகிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மேல் ஒரு பெரிய சந்தையே நிற்கிறது. ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பார்கள். காரும் எஞ்சினும் தொழிற்சாலையில் கட்டிய ஜோடியாகவே இருந்தால் விலை எங்கோ போய்விடும். அதனால்தான் பிளாக்கின் முகத்தை மழித்துப் புது எண் அடிக்கும் மோசடியும் அங்கே உண்டு. ஓடி ஓடி ஒருமுறை எஞ்சின் மாற்றிய கார், ஷெட்டில் தூங்கிய காரைவிடத் தாழ்ந்ததாகிவிடுகிறது. ஓடுவதற்குத்தானே செய்தார்கள்?

இது இரும்பைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை என்பதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் “எந்த ஊரு?” என்பார்கள். பதில் போதவில்லை என்றால் “ஊர்ல எந்தப் பக்கம்?” அதுவும் போதாவிட்டால் “யாரு வீட்டுப் பிள்ளை?” டீசல் ஊற்றி, பிரஷ் போட்டு, சாக்பீஸ் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்து அடிக்கிறார்கள். தேடுவது வார்த்த எண்ணை.

இதற்கு எளிய பதில் ஒன்று உண்டு: பிறப்பைக் கேட்கவே கூடாது. எனக்கு இந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. அண்ணாச்சி கேட்காமல் இருந்தால் தப்பான கேஸ்கெட் மாட்டி, தண்ணீரும் ஆயிலும் கலந்து எஞ்சின் நாசமாகும். டாக்டர் “அப்பாவுக்குச் சுகர் இருக்கா?” என்று கேட்பதும் பிறப்பைக் கேட்பதுதான். சலுகை என்று எரிச்சலோடு சிலர் சொல்லும் ஒதுக்கீடும் பிறப்பைக் கேட்டுத்தான் தொடங்குகிறது, பிறப்பால் நடந்த சேதத்தைச் சரிசெய்ய. கேட்காமல் விட்டால் சேதம் இல்லாததாகிவிடாது. ஆக, கேள்வியில் குற்றமில்லை என்று சொல்லலாமா? கேட்டவன் பதில் கிடைத்ததும் அடுத்து என்ன செய்கிறான் என்று பார்க்கலாம். மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கிறான். புரோக்கர் விலையைச் சொல்கிறான்.

ஆனால் இந்தப் பிரிவும் நான் நினைத்த அளவுக்குச் சுத்தமாக இல்லை. அண்ணாச்சியே பழைய எஞ்சின் வாங்கி விற்பவரும்கூட. ரிப்பேருக்கு வந்த வண்டி என்றால் முதலில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுப்பார், எண்ணைப் பிறகு பார்ப்பார். காயலான் கடைக்கு வாங்கப் போனால் முதலில் எண், பிறகுதான் மற்றது. (காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள். ஒரு தொழிலின் மேல் ஊரை வார்த்துவிட்ட சொல்.) ஒரே மனிதர், ஒரே டார்ச், காலையில் மெக்கானிக், சாயங்காலம் புரோக்கர். நாம் யாருமே இதில் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்பவர்கள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் கையில் கட்டிக்கொள்ளும் கலர் கயிறு. பிறப்பு முகத்தில் புடைத்து நிற்பதில்லை, தடவிப் பார்த்தாலும் தெரியாது. தெரியாததால்தான் கயிறு வேண்டியிருக்கிறது. அதாவது அது அடித்த எண், வார்த்த எண் போல வேஷம் போடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. தடை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் தடய அறிவியல் ஆட்கள் சொல்லும் ஒரு விஷயம் உறுத்துகிறது. எஃகில் அடித்த எண்ணை ராவிவிட்டாலும், அடி விழுந்த இடத்தில் உள்ளே உலோகம் நசுங்கித்தான் இருக்கும். அமிலம் தடவினால் பல சமயம் எழுத்து மங்கலாக எழுந்துவரும். கயிற்றை அறுப்பது மேற்பரப்பை ராவுவதுதான். அடி எங்கே விழுந்தது, யார் அடித்தது? அது வீட்டுக்குள் நடக்கிற வேலை, ஐந்து வயதுக்கு முன்பே.

இங்கிருந்து தெற்கே போனால் கொற்கை, ஒரு காலத்து முத்துத் துறைமுகம். அங்கேயும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஓடுகளைப் படிப்பவர்கள் முதலில் பார்ப்பது எழுத்து சுடுவதற்கு முன் கீறியதா, சுட்ட பின் கீறியதா என்று. ஈரத்தில் கீறினால் குயவர் கையாக இருக்கலாம். சுட்ட பின் கீறியது பெரும்பாலும் பானையை வாங்கிப் புழங்கியவரின் கை. கீழடியிலும் கொடுமணலிலும் சுட்ட பின் கீறிய பெயர்கள் உண்டு. யாரோ சோறு தின்ற பானையில், கடினமான ஓட்டில், கூரான எதையோ வைத்துச் சிரமப்பட்டுத் தன் பெயரை எழுதியிருக்கிறார்கள். அது அச்சில் வந்ததில்லை. மோசடியும் இல்லை.

போன மாதம் பட்டறையில் ஒரு பழைய லாரி எஞ்சினை வள்ளத்துக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த லாரி எப்போதோ உடைத்து எடைக்குப் போய்விட்டது. அடித்த எண்ணுக்குச் சொந்தமான சேசிஸே இப்போது இல்லை. எஞ்சினை வாங்க வந்தவர் கடல்காரர், அவர் எண் எதையும் கேட்கவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஒரு பீடி முடியும்வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நடுக்கடல்ல நின்னுறாதுல்ல, அண்ணாச்சி?”

அண்ணாச்சி சாக்பீஸ் தேய்த்து வைத்திருந்த வார்ப்பு எண்ணை ஒரு சிகரெட் அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்தார். “நின்னா கேஸ்கெட் வாங்க இது போதும். மத்தபடி அது ஓடுத ஓட்டத்தப் பாத்துக்கிடுங்க.”