உதிராத பூ

செர்ரிப் பூ என்றதும் ஜப்பான் ஞாபகம் வரும். கூடவே தத்துவமும் வந்துவிடும். மலர்ந்தால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஒரு காற்று, ஒரு மழை, அவ்வளவுதான். உதிர்வதுதான் அதன் அழகு, நிலையாமைக்கு அதுவே பாடம் என்று அங்கே பல நூறு வருஷமாகச் சொல்லி வருகிறார்கள்.

அதே ஊரில் அந்தப் பூவை வெள்ளியில் செய்து கொண்டையில் செருகிக்கொள்ளவும் செய்கிறார்கள். இந்த ஊசிக்கு கன்ஸாஷி என்று பெயர். கியோட்டோவில் மைக்கோ என்கிற இளம் நடனப் பெண்களுக்கு மாதம் ஒரு பூ உண்டு. பிப்ரவரியில் பிளம், ஏப்ரலில் செர்ரி, மே மாதம் விஸ்டேரியா. இவர்களுடையது பட்டுத் துணியை மடித்துச் செய்த இதழ்கள். பக்கத்தில் வெள்ளித் தகடுகள் தொங்கும், நடந்தால் சன்னமாகச் சத்தம் வரும்.

‘உதிர்வதுதான் அழகு என்றால் உதிராத பூ எதுக்கு சார்? இது போலித்தனம் இல்லையா?’ என்று கறாரான ஆசாமி யாராவது கேட்கலாம். பூவின் முகத்தை எடுத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டார்கள் என்பது அவர் கட்சி.

எனக்கு அந்தப் பாடத்தின் மேலேயே சந்தேகம்.

1945-ல் ஜப்பான் கடற்படை ஓக்கா என்றொரு சின்ன ராக்கெட் விமானத்தைப் போரில் இறக்கியது. ஓக்கா என்றால் செர்ரிப் பூ. மூக்கில் 1,200 கிலோ குண்டு, உள்ளே ஓர் இளைஞன், பக்கவாட்டில் அந்தப் பூவின் படம். எதிரிக் கப்பலில் போய் மோத வேண்டும், திரும்பி வரும் ஏற்பாடே கிடையாது. அதே வருஷம் ஏப்ரலில் சிரான் தளத்திலிருந்து கிளம்பிய தற்கொலைப் படை விமானத்துக்குப் பள்ளிக்கூடப் பெண்கள் செர்ரிக் கிளைகளை ஆட்டி விடைகொடுக்கிற புகைப்படம் ஒன்று உண்டு. பார்த்தால் மனசைப் பிசையும். செர்ரி இதழ் மாதிரி உதிரச் சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் மேஜைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பூ யாருக்கும் இப்படிப் பாடம் எடுக்கவில்லை. இதழ்கள் தேனீயைக் கூப்பிடுவதற்கு. வேலை முடிந்ததும் விழுகின்றன. மரம் நிற்கிறது, அடுத்த வசந்தத்தில் மறுபடி பூக்கிறது. இருபது வயசுப் பையன் மறுபடி பூப்பதில்லையே! இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பூங்காவுக்குப் பூங்கா நிற்கிற ஸோமெய் யோஷினோ ரகச் செர்ரி மரங்கள் ஒரே மரத்திலிருந்து ஒட்டுப்போட்டுப் பெருக்கப்பட்டவை. நிலையாமைக்கு உதாரணமாகக் காட்டுகிற மரத்தை மனுஷன் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகச் சாகவிடாமல் காப்பாற்றி வருகிறான்.

வெள்ளிப் பூவும் சும்மா இருக்காது. காற்றிலிருக்கும் கந்தக வாயு பட்டுக் கறுக்கும். நம் வீடுகளில் விபூதி போட்டுத் தேய்ப்பதைப் போல அவர்களும் எதையாவது போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். பாட்டியின் ஊசியைத் தேய்த்துப் பெட்டியில் வைக்கிற பெண்ணிடம் போய் நிலையாமையைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. பாட்டி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.