சிறைக்குள்ளே ஒரு விசாரிப்புக்காரன்

(தியானப் பகுதி: ஆதியாகமம் 39, 40 அதிகாரங்கள்)



செய்யாத குற்றத்துக்காக யோசேப்பு சிறைக்குப் போனான். ஆனாலும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. ஒருநாள் காலையில் பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் முகம் வாடியிருக்கிறதைக் கண்டு, என்ன ஆச்சு என்று விசாரித்தான். கவனியுங்கள்! விசாரித்தவன் அதிகாரியல்ல, அவனும் ஒரு கைதி.

கைதியின் துக்கம் கைதிக்குத்தான் சீக்கிரம் புரியும். 1993-ல் கிரண் பேடி அம்மையார் டெல்லி திகார் சிறைக்குப் பொறுப்பேற்ற நாட்களில், படித்த கைதிகளே படிக்காதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி நிக்சனிடம் பெரிய பதவியிலிருந்த சார்லஸ் கோல்சன் 1974-ல் சிறைக்குப் போனார். வெளியே வந்தவர் 1976-ல் கைதிகளுக்கென்றே ஓர் ஊழியத்தை ஆரம்பித்தார்.

நெல்லிவாசல்நாட்டு ஜனங்களே, இது நமக்குத் தூரத்துக் கதையா? 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதில் ஜவ்வாது மலைக்காரரும் உண்டு. செம்மர வழக்கில் பிடிபட்டு ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்கள் அநேகர். பாஷை புரியாது, வாய்தா தேதி தெரியாது, ஜாமீனுக்கு ஆள் கிடையாது. அந்த நேரத்தில் நாலு வார்த்தை தெலுங்கு தெரிந்த ஒரு பழைய கைதி பக்கத்தில் வந்து, "பயப்படாதே தம்பி, நான் சொல்லித் தர்றேன்" என்றால் எத்தனை ஆறுதல்!

ஆனால் வெளியே வந்த பிறகுதான் மெய்யான சோதனை என்று நான் சொல்லுவேன். கடன் கழுத்தை நெரிக்கும். பழைய ஏஜென்ட் மறுபடியும் கூப்பிடுவான். பாஸ்டர் புத்தி சொன்னால், "உங்களுக்கென்ன தெரியும் ஐயா?" என்பான். போய்த் திரும்பினவன் சொன்னால் கேட்பான்.

ஆகவே, சிறையிலிருந்து வந்த சகோதரனே, வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதே. உன் தழும்பே உன் சாட்சி. வாலிபப் பையன் வண்டி ஏறுமுன்னே அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லு.

சபையாரே, அவனைச் செம்மரக்காரன் என்று கூப்பிடாதிருங்கள். சாமை அறுக்கவோ புளி உலுக்கவோ ஆள் வேண்டுமானால் முதலில் அவனைக் கூப்பிடுங்கள். கூலி கையில் இருந்தால் ஏஜென்ட்டுக்கு 'இல்லை' என்று சொல்லப் பெலன் வரும்.

பானபாத்திரக்காரன் விடுதலையானதும் யோசேப்பை மறந்தான். யோசேப்போ இன்னும் இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தான். விடுதலை பெற்ற நீ மறவாதே. உள்ளே இருக்கிறவனுக்கு இந்த வாரமே கடிதம் எழுது. அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பார்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, கட்டுண்டவர்களை நினைத்தருளும். அவர்கள் நடுவே யோசேப்புகளை எழுப்பும். இயேசுவின் நாமத்தில், ஆமென். அல்லேலூயா!