ஒளித்து வைத்த புத்தகம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் அமைதி காக்க விசில் ஊதுவார்கள். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் நடந்தது. நூலகர் பணியிடம் பல வருடமாகக் காலி. பொறுப்பு உடற்கல்வி ஆசிரியரிடம் இருந்தது. மனுஷன் நல்லவர். மைதானத்தில் கழுத்தில் தொங்குகிற விசிலோடு அப்படியே மதியம் வந்து நாற்காலியில் உட்காருவார். மூலையில் யாராவது குசுகுசுவென்று பேசினால் எழுந்துபோய் அதட்ட அவருக்குச் சோம்பல். ஒரு விசில் போதும். ஒருநாள் அவர் ஊதிய விசிலைக் கேட்டு வெளியே கபடி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "சார், யாரு அவுட்டு?" என்று ஜன்னல் வழியே கேட்டார்கள். உள்ளே இருந்த நாங்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தோம். அதற்கும் ஒரு விசில் விழுந்தது.

தலித் எழுத்து என்றால் அழுகையும் ரத்தமும்தான் இருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். நாம் சிரித்ததை எழுதினால் 'அனுபவம் போதவில்லை' என்கிறார்கள். நாங்கள் அந்த நூலகத்தில் நன்றாகவே சிரித்தோம். ஆனால் அங்கே நடந்த ஒரு வேடிக்கை மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது. அதைத்தான் இங்கே கேள்வியாக வைக்க விரும்புகிறேன். காலங்காலமாகப் புத்தகம் மறுக்கப்பட்டவன், கையில் கிடைத்த புத்தகத்தை ஒளித்து வைத்தால் அது தவறா?

நூலகம் என்று பெயர்தானே தவிர, மொத்தம் 16 பீரோ, இரண்டு நீள மேசை. காலையில் வரும் தினசரியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வோம். சினிமா விளம்பரத் தாள் வைத்திருப்பவன் அன்றைக்கு ராஜா. புத்தகம் எடுத்துக் கொடுக்க ஓர் அண்ணன் இருந்தார். நம்ம ஆள். எட்டாவது வரை படித்தவர். அட்டவணை அட்டைகளை ஒருநாளும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. "பச்ச அட்ட, முதுகு கிழிஞ்சிது, நாலாவது பீரோ ரெண்டாந் தட்டு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். சரியாக இருக்கும்.

தமிழ் வகுப்பில் நாங்கள் 38 பேர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் உரை பாடம். நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. வெளியே கொடுக்க மாட்டார்கள், 'ரெஃபரன்ஸ்' முத்திரை. ஸ்காலர்ஷிப் பணம் எப்போதும் பரீட்சை முடிந்த பிறகுதான் வரும். கடையில் வாங்கக்கூடியவர்கள் வாங்கிவிட்டார்கள். வாங்க முடியாத நாங்கள் மதிய இடைவேளையில் அந்த ஒரு பிரதிக்கு அடித்துக்கொண்டோம். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள், படித்து முடித்ததும் புத்தகத்தை அதன் இடத்தில் வைக்கவில்லை. கடைசிப் பீரோவில் அரசிதழ்களைப் பைண்டு செய்து அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் எலிகூடப் போகாது. அதற்குப் பின்னால் சேனாவரையரைப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் எனக்காகக் காத்திருந்தார். இப்படி மூன்று வாரம்.

இவ்வளவு மூளை எனக்கு மட்டுந்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது என்று பீரோக்களை நகர்த்தி வெள்ளையடிக்கத் தொடங்கினார்கள். கடைசிப் பீரோவை இழுத்தபோது அரசிதழ்களுக்குப் பின்னாலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மொத்தம் 23 புத்தகம், ஒரு காலி டிபன் பாக்ஸ், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டி ஏலம் விடுகிற மாதிரிக் கூவினார். "கணக்குப் பதிவியலு! தாவரவியலு! இதாரு, சேனாவரையரா? ஏய்யா, நீ எப்பய்யா கெஜட்டு படிக்க வந்த?" எல்லோரும் சிரித்தோம். பொறுப்பு ஆசிரியர், "ஒளிச்சவன்லாம் கை தூக்குங்கடா" என்றார். யாரும் தூக்கவில்லை. "அப்ப கை தூக்காதவன்லாம் ஒளிச்சவன்" என்றார். மறுபடி சிரிப்பு. அவரே சிரித்ததால் விசில் இல்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே நின்றிருந்தாள். அவளும் எங்கள் ஜனந்தான். விடியற்காலையில் களையெடுப்புக்குப் போய்விட்டுப் பத்து மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். அவளும் எல்லோரோடும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அண்ணன் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "அப்ப இது இங்கதான் இருந்துச்சா?"

மூன்று வாரமாக அண்ணனோடு சேர்ந்து அவள் அதைத் தேடியிருக்கிறாள். உள்மதிப்பீட்டுத் தேர்வு இரண்டு நாளைக்கு முன்புதான் முடிந்திருந்தது. அந்தத் தாளில் அவளுக்கு அரியர் விழுந்தது. நான் பாஸ்.

இதற்கு நியாயம் கற்பிக்க எனக்கு அப்போது வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மாணவர் அமைப்பில் இருந்தேன், மேடையில் பேசுவேன். வேதத்தைக் கேட்கிற சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் அவர்கள் கணக்கிலேயே வராத நமக்கு? இப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு சேரிப் பையன் ஒரு புத்தகத்தை மூன்று வாரம் தனக்கென்று வைத்துக்கொண்டதா குற்றம்?

இன்னொரு வாதமும் என்னிடம் இருந்தது, அது இன்னும் கூர்மையானது. வெள்ளையடித்த அந்த வாரத்தில் அண்ணன் பழைய பதிவேட்டைக் காட்டினார். சேனாவரையம் எங்கள் நூலகத்துக்கு மூன்று பிரதி வாங்கப்பட்டிருக்கிறது. மீதி இரண்டும் ஓர் ஆசிரியர் பெயரில் ஒன்பது வருடமாக வெளியே இருந்தன. அபராதம் இல்லை, நினைவூட்டல் இல்லை. "கேட்டீங்களாண்ணே?" என்றேன். "நான் போயி அவர கேக்கறதா? ஏந் தம்பி, இருக்கற வேலையும் போவட்டுமா?" என்றார். எங்களுக்கு ஒருநாள் தாமதம் என்றால் ஒரு ரூபாய். அவருக்கு ஒன்பது வருடத்துக்கு ஒன்றுமில்லை. மாணவன் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஒளிப்பது. பேராசிரியர் வைத்துக்கொண்டால் ஆராய்ச்சி. அதிகாரம் உள்ளவன் செய்கிற திருட்டுக்கு நம் மொழியில் எத்தனையோ மரியாதையான பெயர்கள் இருக்கின்றன.

இந்த இரண்டு வாதமும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நான் ஒளித்ததால் அந்தப் பேராசிரியருக்கு என்ன நட்டம்? கடையில் வாங்கிய மாணவர்களுக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. பொதுப் புத்தகம் ஒன்று காணாமல் போனால் அடிபடுகிறவன் அந்தப் பொதுவைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவன்தான். பார்ப்பனியத்தின் மேல் எனக்கிருந்த கோபம் சரி. ஆனால் ஒளித்து வைத்த கை போய் விழுந்தது களையெடுத்துவிட்டு வந்த ஒரு கையின் மேல். இல்லாமையை உண்டாக்கியவர் அவர். இருந்த ஒன்றையும் இல்லாமலாக்கியவன் நான்.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் நீர் அள்ளிக் குடித்தார். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டிருந்தது, மகத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. குளம் தாளில் திறந்திருந்தது, தரையில் மூடியிருந்தது. அன்றைக்கு அங்கே போனவர்கள் எங்களுக்குத் தனிக் குளம் வேண்டும் என்று கேட்கவில்லை. குளத்தைச் சுற்றி நம்முடைய வேலியைப் போடுவோம் என்றும் கிளம்பவில்லை. பொது என்று எழுதியிருப்பது பொதுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். அதற்கே அடித்தார்கள். அவர்கள் தொட்ட குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நடந்து 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவானது. மகத்தைப் பற்றி நான் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு இறங்கி வந்து என் குளத்தை அரசிதழுக்குப் பின்னால் வைத்தேன்.

நம்முடைய வரலாற்றிலேயே இதற்கு எதிரான ஒரு செயல் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் தன்னிடமிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியைத் துரையிடம் கொடுத்தார், அது எல்லிஸ் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். குறள் முதன்முதலில் அச்சேறியது 1812-இல். அந்தச் சுவடி எந்தப் பதிப்புக்கு எவ்வளவு உதவியது என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: படிக்கத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் சுவடி இருந்தது. அதைப் பரணில் போட்டுப் பூட்டாமல் ஊருக்குக் கொடுத்தார்கள். பேரனும் அதையே செய்தார். 1907-இல் காலணா விலையில் பத்திரிகை தொடங்கினார். அந்தப் பத்திரிகை எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளியானபோது, எங்கள் நூலகமும் வாங்கியிருக்கிறது. எங்கே வைத்திருந்தார்கள்? கண்ணாடிப் பீரோவில். சாவி விசிலோடு ஒரே கயிற்றில் தொங்கியது.

புத்தகம் படிப்பதற்கே, காவல் காப்பதற்கு அல்ல. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் போய்ச் சேர வேண்டும். 1931-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதல் இரண்டின் சாரம் இது. அவர் சீர்காழிக்காரர், பார்ப்பனர். அதற்காக விதி பொய்யாகிவிடாது. விதி வகுத்த பின்னும் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பது நம் வேலை. சாவி நம் கைக்கு வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்று கேட்பதும் நம் வேலைதான். இரண்டாவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அடுத்த பருவத்தில் அண்ணன்தான் வழி சொன்னார். "ஒருத்தன் படிச்சா முப்பது பேரு கேக்கலாம், காது எல்லாருக்கும் இருக்கில்ல?" ஓசையில்லாமல் புத்தகத்தை மதிய இடைவேளைக்கு மட்டும் வெளியே விட்டார். நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், விசிலுக்கு எட்டாத தூரத்தில், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு எழுதினோம். ஈயம் ஊற்றச் சொன்ன காதுகளில் சேனாவரையர் விழுந்தார். பாதி புரியவில்லை. அதற்கும் சேர்ந்து சிரித்தோம். அந்தத் தோழி அரியரை எழுதி முடித்தாள்.

ஆனால் ஒளித்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோதுதான் சொன்னேன். இப்போது அவள் பள்ளியில் தமிழாசிரியை. சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பவே தெரியும். உள்ள நீ குறிப்பு எழுதின சீட்டு இருந்துச்சு. 'ழ'வுக்கு அவ்ளோ நீளமா வாலு போடறவன் வகுப்புல வேற யாரு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"அத்தன பேரு முன்னாடி நம்ம பையன காட்டிக் குடுக்கவா? அதுக்காக நீ செஞ்சது சரின்னு நெனச்சுக்காத."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் பேசாமல் இருந்தேன். என்னைக் காப்பாற்ற அவள் பேசாமல் இருந்தாள். இரண்டும் ஒரே அமைதி இல்லை.

தோழர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கடைசிப் பீரோ இருக்கிறது. 1990களின் சிறுபத்திரிகைகள், துண்டறிக்கைகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், இரவல் வாங்கித் திருப்பாத தொகுதிகள். எந்த நூலகத்திலும் இல்லாதவை. இயக்கத்துச் சொத்து என்கிறோம், நம் அறைக்குள் பூட்டி வைக்கிறோம். போன மாதம் ஒரு மாணவி, ஆய்வுக்கு நிறப்பிரிகை இதழ்கள் வேண்டும் என்று போன் செய்தார். "எங்கயோ இருக்கும்மா, தேடிப் பாக்கறேன்" என்றேன். எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று இறக்கித் தூசு தட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.