யாருக்கும் பாரமில்லாமல்

எங்கள் தாய்வழியில் சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் பெருகும் நோய் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு. ஆண், பெண் என்று அது பார்ப்பதில்லை. தாத்தாவிடமிருந்து நோய் அம்மாவுக்கும் வந்தது, மாமாவுக்கும் வந்தது. சொத்து மாமாவுக்கு மட்டும் வந்தது.

ஐம்பதுகளின் இறுதியில் இருவருக்கும் சிறுநீரகம் செயலிழந்தது. இருவருமே பெரிட்டோனியல் டயாலிசிஸுக்கு வந்தார்கள். இதில் வயிற்றின் உட்புறச் சவ்வுதான் வடிகட்டி. தொப்புளுக்கு அருகே பொருத்திய மெல்லிய குழாய் வழியாக ஏறத்தாழ 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து, கழிவோடு அதை வடித்துவிட்டுப் புதுத் திரவம் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரத்துக்கு மேல். வீங்கிய சிறுநீரகங்கள் வயிற்றை அடைத்துக்கொண்டிருப்பதால் இந்நோயாளிகளுக்கு இம்முறை ஒத்துவராது என்று முன்பு தயங்கினார்கள். குடலிறக்கம் வரும் அபாயம் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் பலருக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

'வீட்டில் நீங்களே செய்துகொள்ளலாம்' என்றார்கள் மருத்துவமனையில். மாமா வீட்டில் அந்த 'நீங்களே' அத்தை. பயிற்சிக்குப் போனவர் அத்தை. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் கட்டி, கைகழுவி, பை மாற்றி, வடிந்த நீர் கலங்கலாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அளவை நோட்டில் எழுதுபவரும் அவரே. கலங்கினால் நோய்த்தொற்று என்று அர்த்தம். "உங்க மாமாவுக்கு இதெல்லாம் வராதும்மா" என்பார். பெருமையா அலுப்பா என்று அந்தக் குரலில் பிரித்தறிய முடியாது.

அம்மாவுக்கு அம்மாவே செய்துகொண்டார். அப்பாவும் நானும் பயிற்சிக்குப் போகவில்லை. "உங்கம்மா யாருக்கும் பாரமில்ல" என்று உறவினர்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்பில் பெண்ணின் தற்சார்பு பற்றிப் பேசுகையில் அம்மாவை உதாரணம் காட்டியிருக்கிறேன்.

ஒருநாள் மாலை நான் வீடு திரும்பியபோது அம்மா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். "காலையிலயே கலங்கலாத்தான் இருந்துச்சு. நீ காலேஜுக்குக் கிளம்பிட்டிருந்தே" என்றார். மருத்துவமனையில் சேர்த்து, தேறி வந்தார்.

அன்றிலிருந்து அந்தப் பாராட்டு என்னை உறுத்துகிறது. பாரமில்லாமல் இருப்பது ஓர் அறமா? அப்படியென்றால் அது ஏன் மாமாவிடம் எதிர்பார்க்கப்படவில்லை? கூப்பிட்டால் வர ஒருவர் இருந்தும் தானே செய்துகொள்வதுதான் தற்சார்பு. கூப்பிடவே பழகாத ஒருத்தி தனியாகச் செய்வதற்கும் நான் அதே பெயரைச் சூட்டினேன். அந்தப் பெயர் அம்மாவைவிட எனக்குத்தான் வசதியாக இருந்தது.

சரி, இனி நான் மாற்றுகிறேன் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை. "கதவச் சாத்திக்கிட்டு உக்கார இப்பத்தான் ஒரு காரணம் கெடச்சிருக்கு" என்று சிரித்தார். கேலியாகச் சொன்னாலும் உண்மை அது. அந்த அரைமணி நேரத்தில் காபி கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. பராமரிப்பு என்ற பெயரில் அதையும் நான் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பையை அவர் மாற்றுவார்; வடிந்த நீரை அப்பாவோ நானோ பார்த்து நோட்டில் எழுதுவோம். அப்பா எழுதக் கற்றுக்கொள்ள இரண்டு நாள்தான் ஆனது.

எனக்கும் ஸ்கேனில் இரு சிறுநீரகங்களிலும் கட்டிகள் தெரிகின்றன. சென்ற வாரம் கணவரிடம் சொன்னேன்: "நேரம் வரும்போது பயிற்சிக்கு ரெண்டு பேரும் போகணும்." "அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கே" என்றார்.

இருக்கிறதுதான். கேட்கப் பழக எனக்கும் அத்தனை வருஷம் தேவைப்படலாம்.