மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதியா?

சில மாதங்களுக்கு முன் மஃரிபு தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹள்ரத்! வீட்டில் இன்டர்நெட் இணைப்பு வாங்கியிருக்கிறேன். மகன் தன் அறையில் வைத்துப் பார்க்கிறான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகள், 'அத்தா, நானும் அதில் கணக்குப் பதிவியல் படிக்கிறேனே' என்கிறாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று மறுத்துவிட்டேன். நான் செய்தது சரிதானே?" என்று கேட்டார்.

அவருடைய அச்சத்தை நான் குறை கூறவில்லை. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தீமை நுழையும் வாசலைக் காப்பது தந்தையின் கடமை. ஆனால் அந்த அச்சம் மகன் விஷயத்தில் எங்கே போயிற்று? ஸூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கட்டளை முப்பதாம் வசனத்தில் ஆண்களுக்கே முதலில் வந்தது. பெண்களுக்கு அதற்கடுத்த வசனத்தில்தான் வந்தது. அல்லாஹ் முதலில் எச்சரித்தவனை நாம் அறைக்குள் தனியே விட்டுவிட்டு, மகளின் படிப்பைப் பூட்டுவது நீதியாகுமா?

கல்வி தேடுவது கடமை என்ற விஷயத்தில் பெண்களுக்கு விலக்கு எதுவுமில்லை. பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் சென்று தங்களுக்கென ஒரு நாளைக் கேட்டபோது, 'உங்கள் கணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று திருப்பியனுப்பாமல், நாளைக் குறித்துச் சென்று போதித்தார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா (ரலி) என்ற பெண்மணியே. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற அம்மையார் ஸஹீஹுல் புகாரியைக் கற்பிக்க, பெரும் ஆலிம்களும் அவரிடம் அமர்ந்து பாடம் கேட்டனர்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழகத்தில் சிறு வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பரில்தான். ஒரே ஒரு செல்போன் இருந்த வீடுகளில் அது மகன் கைக்குப் போயிற்றா, மகள் கைக்குப் போயிற்றா என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும்!

இன்று கல்வி வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. ஐ.ஐ.டி.க்கள் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். வழியாகவும், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'ஸ்வயம்' வழியாகவும் பொறியியல், வணிகவியல் எனப் பல பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால்தான் கட்டணம். கல்லூரி தூரம், பஸ் பயணம், செலவு என்று நாம் சொல்லிவந்த காரணங்களில் பல இங்கே நிற்கமாட்டா.

எனினும் ஓர் எல்லை உண்டு. மார்க்கக் கல்வி ஆசிரியரின்றி நிறைவுறாது. ஓர் எழுத்தின் மக்ரஜை நாம் பிழையாக உச்சரித்தால், ஒலிப்பதிவு நம்மைத் திருத்தாது, உஸ்தாதுதான் திருத்துவார். ஒரேயொரு ஹதீஸை, அதைக் கேட்டவரின் வாயிலிருந்தே கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாத தூரம் ஷாமுக்குப் பயணம் செய்தார்கள். பேசுபவர் யார், யாரிடம் ஓதியவர் என்று அறியாமல் திரையில் கேட்டதையெல்லாம் ஃபத்வாவாக எடுத்துக்கொள்வது ஆபத்து. மார்க்கத்தில் சந்தேகம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம், ஆலிமாவிடம் கேளுங்கள்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுதான்: "கருவியைக் கூடத்தில் வையுங்கள். இருவருக்கும் நேரம் குறியுங்கள். இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் நீங்களும் உடனிருந்து, 'இன்று என்ன படித்தாய்?' என்று இருவரிடமும் கேளுங்கள். மகளுக்கு எது ஆகாதோ, அது மகனுக்கும் ஆகாது. மகனுக்கு எது ஆகுமோ, அது மகளுக்கும் ஆகும்."

அவர் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "ஹள்ரத்! மகன் என்ன பார்க்கிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லையே!" என்றார்.

சகோதரர்களே! அவர் ஒருவர் மட்டுமா கேட்கவில்லை? நமது ஆண் மக்களையும் பெண் மக்களையும் பயனுள்ள கல்வியும் இறையச்சமும் உடையவர்களாக வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.