தொடாத கண்ணும் தொடுகிற கையும்

2020இல் கொரோனா வந்தபோது 'சமூக இடைவெளி' கடைப்பிடிக்கச் சொன்னார்கள். பிறகு அந்தச் சொல் சரியில்லையென்று 'தனிநபர் இடைவெளி' ஆக்கினார்கள். சமூக இடைவெளி ஊருக்கு வேண்டுமானால் புதுசாக இருந்திருக்கலாம். சேரிக்குப் புதுசா? தள்ளி நில்லுன்னு கேட்டுக் கேட்டே வளர்ந்த காது நம்முடையது. தூரத்திலிருந்து வைத்தியம் பார்க்கும் விசயத்தையும் அந்தக் காதோடுதான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் வேறோர் ஊரிலுள்ள திரைக்குப் போகும். அங்கிருக்கும் நிபுணர் கேமராவில் பார்த்து யோசனை சொல்வார். அமெரிக்காவில் 2000லேயே இது நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே 2020 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், முதலில் மும்பை, கோவா மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்களோடு காணொலியில் கலந்து பேசினார்கள். நிபுணர் இல்லாத இடத்துக்கு நிபுணரின் அறிவு போகிறது. இதை வேண்டாமென்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? பெரிய டாக்டர் எட்டிப் பார்க்காத ஆஸ்பத்திரிகளை நம்பிக் கிடப்பது நம்ம சனங்கதானே.

கேள்வி வேறு. தீண்டாமையும் தூரம்தான், இதுவும் தூரம்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கிட்டே நிற்பது யாரென்று பாருங்கள். திரை மலம் அள்ளாது. நோயாளியைக் குப்புறப் புரட்டிப் போடாது. குழாயில் அடைத்த சளியை உறிஞ்சி எடுக்காது. நர்ஸ் செய்கிறார், வார்டு ஊழியர் செய்கிறார், துப்புரவுத் தொழிலாளி செய்கிறார். துப்புரவு செய்கிறவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை ஆஸ்பத்திரிக்குள்ளும் இருக்கிறது. மேலே போகப் போகத் தூரமும் கூலியும் கூடும். கீழே வர வர ஆபத்து நெருங்கும். பிணத்தையும் மலத்தையும் தொட வைப்பது நம்மை. தொட்டதற்காகவே தள்ளி வைப்பதும் நம்மை.

தீவிர சிகிச்சை பிறந்த கதை இப்படியில்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். ஏறக்குறைய 1500 மாணவர்கள் ராத்திரி பகலாக முறைவைத்து அமுக்கினார்கள். அங்கே கை இழிவாக இல்லை. கையே வைத்தியமாக இருந்தது.

கை மட்டுமில்லை, கிட்டே நிற்பவரின் கண்ணும் வாயும் வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, உடம்பில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் பரவாயில்லையென்று கருவி காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு நடந்ததாகக் கண்டது. ஒளியை வைத்துக் கணக்குப் போடும் கருவியைத் தோலின் நிறம் ஏமாற்றிவிடுகிறது. தூரத்து நிபுணருக்கு அந்த எண்தான் தெரியும். "நம்பர் சரியாத்தான் இருக்கு, ஆனா மூச்சுக்கு அல்லாடுறாரு" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். சொன்னால் கேட்க அந்தப் பக்கம் ஒரு காது வேண்டும்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தள்ளி நிற்பவரை நோக்கிக் கிட்டே நிற்பவர் மறுத்துப் பேச முடிந்தால், அந்தத் தூரம் வெறும் வசதி. கட்டளை மட்டும் வந்து, பதில் போக வழியில்லாவிட்டால் அது பழைய தூரம்தான், புதுக் கம்பியில் வருகிறது.

2021 ஏப்ரலில் டெல்லி ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீர்ந்தபோது எந்தத் திரையாலும் மூச்சுக் கொடுக்க முடியவில்லை. ஆகவே கருவியைக் கேட்போம். கூடவே சிலிண்டரைக் கேட்போம். கிட்டே நிற்கும் தொழிலாளிக்கு நிரந்தர வேலையையும், டாக்டர் போடும் அதே முகக்கவசத்தையும் கேட்போம். "எண் தப்பு" என்று அவர் சொல்லும்போது, அதைக் குறித்துக்கொள்ளும் பேனாவையும் கேட்போம்.