சொல்லாமல் விட்டது

தேவாரத்திலிருந்து சின்னம்மாவை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான்தான். மாதக்கணக்காக அவளுக்குத் தூக்கமில்லை. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியுமுன் ஹாரன் அடிக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பாள்.

மற்ற வியாதிகளுக்கு ரத்தமும் எக்ஸ்ரேயும் சாட்சி சொல்லும். மனத்தின் வியாதிக்குப் பெரும்பாலும் பேச்சுத்தான் சாட்சி. அதிலும் கூட வந்தவரின் பேச்சு!

"எப்போது ஆரம்பித்தது?" என்றார் டாக்டர். கதை எழுதிப் பிழைப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. சித்தப்பாவின் மரணத்தில் தொடங்கி, பிள்ளையில்லாத வீடு, தனிமை என்று கோவையாகச் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு, அவள் சம்மதத்தோடு என்னைக் கேட்டார்: "மலையில் இருந்த இரண்டு ஏக்கரைப் பங்காளிகள் எழுதி வாங்கியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்களா?"

நான்தான். அடிமாட்டு விலை என்று தெரிந்தே போட்டேன். திண்ணையில் அவள் பேசியது வேறொன்றுமில்லை; கை மாறிப்போன ஏலச்செடிகளை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

1973-ல் ரோசன்ஹான் என்ற அமெரிக்க மனவியல் பேராசிரியர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். அவரோடு எட்டுப்பேர், காதில் குரல் கேட்பதாகப் பொய் சொல்லிப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். சாதாரணமான அவர்கள் வாழ்க்கை வரலாறே வியாதிக்கு ஆதாரமாகத் திரிக்கப்பட்டது என்றார். உலகம் டாக்டர்களைப் பார்த்துச் சிரித்தது. 2019-ல் சூசன்னா கஹலன் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பேராசிரியர் ஆஸ்பத்திரியில் சொன்னது குரல் மட்டுமல்ல. தற்கொலை எண்ணமும் இருப்பதாகச் சொன்னதைப் பழைய பதிவேடு காட்டியது. அதைத் தம் கட்டுரையில் அவர் விட்டுவிட்டார். கேட்டவர்களைக் குற்றம் சொன்னவரும் சொல்வதில் நேர்மையாக இல்லை.

அப்படியானால் யாரைத்தான் நம்புவது? எல்லோரையும் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் எதை மறைத்தால் லாபம் என்பதையும் எடைபோட வேண்டும். முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே ஒருவரை இன்று மனநோயாளி என்று தீர்மானிக்கப் போதாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். எழுதிவைத்த வரலாற்றுக்கே அந்த வரம்பு என்றால், உறவினன் வாய்மொழிக்கு எத்தனை வரம்பு வேண்டும்!

சின்னம்மாவுக்கு மருந்தும் தேவைப்பட்டது, இப்போது தூங்குகிறாள். நிலம் திரும்பவில்லை. இதைச் சொல்கிறவனும் அதே நான்தான். வாசகர்கள் அதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.